பெட்ரோல் விலை உயர்வு: யாருடைய சுமை? யாருடைய கடமை?

ஒரு நாட்டின் பொருளாதார நிலையை அளந்தறியப் பொருளியல் அறிஞர்கள் பல அளவுகோல்களை வைத்திருக்கின்றனர். எளிய மனிதனின் கண்ணில் நாள்தோறும் படும் அளவுகோல் பெட்ரோல் நிலையத்து விலைப்பலகையே ஆகும். சொந்தமாக வாகனம் இல்லாதவனையும் அந்தப் பலகை விட்டுவைப்பதில்லை. ஒட்டன்சத்திரத்துச் சந்தையிலிருந்து சென்னைக் கோயம்பேட்டிற்கு வரும் ஒவ்வொரு தக்காளிப் பெட்டியிலும் டீசலின் விலை கலந்திருக்கிறது. பள்ளிக்குச் செல்லும் சிறுமியின் வேன் கட்டணத்திலும், கடலுக்குச் செல்லும் மீனவரின் வலை வருமானத்திலும் அதன் கை நீண்டிருக்கிறது.

பெட்ரோலியம் என்ற சொல், கல் என்றும் எண்ணெய் என்றும் பொருள்படும் இரு சொற்களின் சேர்க்கையாகும். தனித்தமிழ் அன்பர்கள் இதனைக் 'கன்னெய்' என வழங்குவர். எள்ளின் நெய் எண்ணெய் ஆனதுபோல, கல்லின் நெய் கன்னெய் ஆயிற்று. எள்ளை நம் நிலத்தில் விதைத்துக் கொள்ளலாம். கல் நெய்யை அவ்வாறு விளைவிக்க இயலாது. நம் நாடு பயன்படுத்தும் கச்சா எண்ணெயில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கிற்கும் மேல் அண்மை ஆண்டுகளில் வெளிநாடுகளிலிருந்தே வந்திருக்கிறது. ஆகவே, இவ்விலை உயரும்போது வெறும் கண்டனக் குரலோடு நின்றுவிடாமல், விலை எவ்வாறு அமைகிறது, அதனை யார் சுமக்கின்றனர், ஆட்சியாளரும் வாகனம் ஓட்டுவோரும் செய்யத்தக்கது யாது என்பவற்றை நாம் நிதானமாக எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

விலை அமையும் விதம்

கச்சா எண்ணெய் பீப்பாய்க் கணக்கில் விற்கப்படுகிறது. ஒரு பீப்பாய் என்பது ஏறத்தாழ 159 லிட்டர். அதன் விலையை டாலரில் செலுத்துகிறோம்; எனவே ரூபாயின் மதிப்புச் சரிந்தாலும் விலை ஏறும். இதனோடு சுத்திகரிப்புச் செலவு, போக்குவரத்துச் செலவு, விற்பனையாளர் தரகு, மத்திய அரசின் கலால் வரி, மாநில அரசின் விற்பனை வரி ஆகியன சேர்ந்தே நாம் செலுத்தும் தொகை ஆகின்றது.

முன்னர் இவ்விலையை அரசே நிர்ணயித்து வந்தது. 2010 ஜூனில் பெட்ரோலும், 2014 அக்டோபரில் டீசலும் அரசின் விலைக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டன. 2017 ஜூன் 16 முதல் நாள்தோறும் விலையை மாற்றியமைக்கும் முறை நாடெங்கும் வந்தது. உலகச் சந்தையில் ஏறினால் இங்கும் ஏறும், அங்கு இறங்கினால் இங்கும் இறங்கும் என்பதே மக்களுக்குச் சொல்லப்பட்ட நியாயம்.

நடந்தது என்ன? 2014 மே மாதத்தில் ஒரு லிட்டர் பெட்ரோல் மீதான மத்தியக் கலால் வரி 9 ரூபாய் 48 காசு. டீசல் மீது 3 ரூபாய் 56 காசு. அவ்வாண்டின் பிற்பகுதியில் கச்சா எண்ணெய் விலை சரியத் தொடங்கியது. 2014 நவம்பருக்கும் 2016 ஜனவரிக்கும் இடையே கலால் வரி ஒன்பது முறை உயர்த்தப்பட்டது. கொரோனாப் பெருந்தொற்றின்போது, 2020 ஏப்ரலில், கச்சா எண்ணெய் பீப்பாய் 20 டாலருக்கும் கீழே வீழ்ந்தது. மே மாதத்தில் பெட்ரோலுக்குப் பத்து ரூபாயும் டீசலுக்குப் பதின்மூன்று ரூபாயும் வரி கூட்டப்பட்டன; மத்திய வரி மட்டும் முறையே 32 ரூபாய் 98 காசாகவும் 31 ரூபாய் 83 காசாகவும் ஆயிற்று. இறங்குமுகத்தின் பயன் கருவூலத்திற்குச் சென்றது. பின்னர்க் கச்சா எண்ணெய் ஏறியபோது அந்த ஏற்றமோ மக்கள் தலையில் இறங்கியது. 2021 ஜூலையில் சென்னையில் பெட்ரோல் நூறு ரூபாயைக் கடந்தது இவ்வாறுதான்.

அரசின் பக்கத்து நியாயத்தையும் நாம் மறைத்தல் ஆகாது. பெருந்தொற்றுக் காலத்தில் பிற வருவாய்கள் வற்றின, செலவுகளோ பெருகின. 2021 நவம்பரில் பெட்ரோலுக்கு 5 ரூபாயும் டீசலுக்கு 10 ரூபாயும், 2022 மே மாதத்தில் முறையே 8 ரூபாயும் 6 ரூபாயும் மத்திய அரசு குறைத்தது. தமிழ்நாடு அரசும் 2021 ஆகஸ்டில் பெட்ரோல் வரியில் 3 ரூபாய் குறைத்தது. இவை வரவேற்கத்தக்கவையே. ஆயினும், வரி எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்பதற்கு மக்கள் அறிந்த விதி ஏதும் இல்லை என்பதே நம் குறை. நாள்தோறும் மாற வேண்டிய விலை, ஐந்து மாநிலத் தேர்தல்களை ஒட்டிய காலத்தில், 2021 நவம்பர் முதல் 137 நாட்கள் அசையாது நின்றது; 2022 மார்ச் 22 முதல் ஏப்ரல் 6 வரை பதினாறு நாட்களில் பதினான்கு முறை உயர்ந்து, மொத்தம் பத்து ரூபாய் கூடியது. இதனைச் சந்தையின் விளையாட்டு என்று மட்டும் எவரால் கூற இயலும்?

இஃது ஒரு கட்சிக்கு மட்டும் உரிய குறையன்று. 1973 நவம்பரில் பெட்ரோல் விலை உயர்வைக் கண்டித்து வாஜ்பாய் மாட்டு வண்டியில் நாடாளுமன்றத்திற்கு வந்தார். அன்று எதிர்வரிசையில் இருந்தவர்கள் பின்னாளில் ஆட்சிக்கு வந்தனர். ஆட்சியில் இருந்தவர்கள் எதிர்வரிசைக்குச் சென்றனர். வண்டிதான் கைமாறியதே தவிர, வரியின் வழி மாறவில்லை.

பாண்டியன் அறிவுடை நம்பிக்குப் பிசிராந்தையார் புறநானூற்றில் உரைத்த அறிவுரையைத் தமிழ் மாணவர் அறிவர். சிறு வயலின் நெல்லையும் அறுத்துக் கவளமாக்கித் தந்தால் யானைக்குப் பலநாள் உணவாகும். யானையே வயலில் புகுந்தால் அது தின்பதைவிடக் காலால் மிதித்து அழிப்பதே மிகுதி என்பது அதன் கருத்து. வரி வேண்டாம் என்று அப்புலவர் கூறவில்லை. வாங்கும் முறை வேண்டும் என்றே கூறினார். நம் கோரிக்கையும் அதுவே.

விலை ஒன்று, சுமை ஒன்றா?

விலைப்பலகையின் முன் அனைவரும் சமம். சுமையில் சமமல்லர். நகரின் புறத்தே குடியிருந்து நாள்தோறும் நாற்பது கிலோமீட்டர் இருசக்கர வாகனத்தில் வேலைக்குச் சென்று திரும்பும் தொழிலாளி ஒருவரை எடுத்துக்கொள்வோம். மாதம் இருபத்தைந்து நாளில் ஆயிரம் கிலோமீட்டர். லிட்டருக்கு ஐம்பது கிலோமீட்டர் ஓடும் வண்டியானால் இருபது லிட்டர் பெட்ரோல் வேண்டும். லிட்டர் நூறு ரூபாய் எனில் இரண்டாயிரம் ரூபாய். அவருடைய ஊதியம் பன்னிரண்டாயிரம் ரூபாய் எனில், ஆறில் ஒரு பங்கு சாலையிலேயே கரைந்து விடுகிறது. இவர் எதைக் குறைத்துக்கொள்வார்? வேலைக்குப் போகாமல் இருக்க முடியாது. ஆகவே பாலையும் பழத்தையும் குறைப்பார்.

மாதம் அறுபது லிட்டர் நிரப்பும் கார் உரிமையாளருக்கும் செலவு கூடத்தான் செய்கிறது. எனினும் அவரால் ஓர் உலாவைத் தவிர்க்க இயலும். உழைப்புக்காக எரியும் பெட்ரோலும் உலாவுக்காக எரியும் பெட்ரோலும் விலையில் ஒன்று. வாழ்க்கையில் வேறு வேறு.

'வரியைக் குறை' என்ற ஒற்றை முழக்கத்தின் குறைபாடும் இங்கேதான் வெளிப்படுகிறது. லிட்டருக்கு ஐந்து ரூபாய் குறைத்தால் அத்தொழிலாளிக்கு மாதம் நூறு ரூபாய் மிஞ்சும். கார் உரிமையாளருக்கு முந்நூறு ரூபாய் மிஞ்சும். பேருந்தில் செல்பவருக்கு நேராக எதுவும் கிட்டாது. பொதுவான வரிக் குறைப்பு மிகுதியாக எரிப்பவருக்கே மிகுதியாக உதவும் தன்மையது.

ஆட்டோ ஓட்டுநர் நிலை இன்னும் இரங்கத்தக்கது. சென்னையில் 2013 ஆகஸ்டில் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதன்பின் கிலோமீட்டருக்கு 12 ரூபாய் என மீட்டர் கட்டணம் வகுக்கப்பட்டது. 2021இல் பெட்ரோல் நூறைத் தாண்டியபோதும் அக்கட்டணம் மாறவில்லை. எரிபொருள் விலை நாள்தோறும் மாறலாம், அதனை எரித்துப் பிழைப்பவனின் கூலி மட்டும் எட்டாண்டு உறங்கலாம் என்றால், மீட்டர் போடாமல் ஓட்டுகிறார் என்று அவரை மட்டும் பழிப்பது அறமாகாது.

உலகம் கற்பிக்கும் பாடம்

1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய்த் தடை விதித்தபோது, ஏறத்தாழ 3 டாலராக இருந்த பீப்பாய் விலை சில மாதங்களில் 12 டாலரை நெருங்கியது. நெதர்லாந்து நாடு ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை விதித்தது. அமெரிக்கா நெடுஞ்சாலை வேகத்தை மணிக்கு 55 மைல் என வரையறுத்தது. விலையைப் பற்றிப் பேசுவதோடு நில்லாமல் பயன்பாட்டையும் குறைக்க வேண்டும் என்ற எண்ணம் அன்று பரவியது.

2005 அக்டோபரில் இந்தோனேசிய அரசு எரிபொருள் மானியத்தைக் குறைத்து விலையைப் பெருமளவு உயர்த்தியபோது, ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட ஏழைக் குடும்பங்களுக்கு நேரடியாகப் பணம் வழங்கியது. பிரான்சு நாட்டிலோ, எரிபொருள் வரியை உயர்த்தியபோது 2018 நவம்பரில் மஞ்சள் அங்கி அணிந்த மக்கள் சாலைகளை மறித்தனர். 2019 ஜனவரியில் வரவிருந்த அடுத்த உயர்வை அரசு கைவிட நேர்ந்தது. காற்று மாசைக் குறைக்கவே வரி என்று அரசு கூறியது. பேருந்தும் ரயிலும் எட்டாத ஊர்களில் வாழ்வோர், காரை விட்டால் எதில் செல்வது என்று கேட்டனர். மாற்று வழியைத் தராத விலையேற்றம் திருத்தமாகாது, தண்டனையே ஆகும்.

2022 கோடையில் ஜெர்மனி இரு வழிகளையும் ஒருசேர மேற்கொண்டது. மூன்று மாதங்களுக்கு எரிபொருள் வரியைக் குறைத்தது. அதே மூன்று மாதங்களுக்கு, நாடெங்கும் உள்ளூர்ப் பேருந்துகளிலும் வட்டார ரயில்களிலும் மாதம் 9 யூரோவில் பயணம் செய்யலாம் என்றும் அறிவித்தது. வரிக் குறைப்பு காலக்கெடுவோடு முடிந்து போயிற்று. பயணச்சீட்டோ பெரும் வரவேற்பைப் பெற்று, 2023 மே முதல் வேறு கட்டணத்தில் நிலையான திட்டமாகவே உருப்பெற்றது.

அண்டை நாடாம் இலங்கையின் அனுபவம் நமக்கு இன்னும் நெருக்கமானது. 2022இல் அந்நியச் செலாவணி தீர்ந்தபோது மக்கள் பெட்ரோலுக்காக நாள் கணக்கில் வரிசையில் நின்றனர். பின்னர் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லிட்டர், முச்சக்கர வண்டிக்கு 5 லிட்டர் எனப் பங்கீடு செய்ய நேர்ந்தது. இறக்குமதி எண்ணெயை மட்டும் நம்பியிருக்கும் வாழ்வு எத்துணை மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

அரசுகள் செய்யத்தக்கவை

முதலாவதாக, எரிபொருள் வரிக்கு வெளிப்படையான விதி வேண்டும். கச்சா எண்ணெய் இன்ன அளவைத் தாண்டினால் வரி இவ்வளவு குறையும், இன்ன அளவுக்குக் கீழ் வந்தால் இவ்வளவு கூடும் என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டால், தேர்தல் நாட்காட்டியைப் பார்த்து விலையை ஊகிக்கும் நிலை ஒழியும். 2021 பிப்ரவரியில் பெட்ரோல் மீதான மத்திய வரி 32 ரூபாய் 90 காசில், மாநிலங்களோடு பகிர்ந்துகொள்ளத்தக்க அடிப்படை வரி 1 ரூபாய் 40 காசு மட்டுமே. மீதி யாவும் பகிர வேண்டாத மேல்வரிகள். இந்நிலையில் மாநிலங்களை மட்டும் வரியைக் குறைக்கச் சொல்வது முறையன்று.

இரண்டாவதாக, எரிபொருளில் திரட்டும் வரியில் உறுதியான ஒரு பங்கு பேருந்துக்கென ஒதுக்கப்பட வேண்டும். தமிழ்நாட்டில் 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்கின்றனர். ஓர் ஏழைக் குடும்பத்திற்குப் பெட்ரோல் விலைக் குறைப்பைவிட இது மேலான நிவாரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால், பேருந்து வந்தால்தானே பயணம்? கட்டணமின்மையோடு எண்ணிக்கையும் நேரந்தவறாமையும் சேர வேண்டும். புறநகர்களுக்கும் சிற்றூர்களுக்கும் கூடுதல் பேருந்துகள் ஓடினால், நாம் மேலே கண்ட தொழிலாளி வண்டியை வீட்டில் நிறுத்திவிட்டுச் செல்வார்.

மூன்றாவதாக, உழைப்புக்காக எரிப்பவர்க்குத் தனி நிவாரணம் தேவை. மீனவர்க்கு விற்பனை வரி விலக்குடன் டீசல் வழங்கும் முறை நம் மாநிலத்தில் உள்ளது. அந்த முன்மாதிரியை ஆட்டோ ஓட்டுநர் முதலியோர்க்கும் விரிக்கலாம். ஆட்டோ கட்டணத்தை எரிபொருள் விலையோடு இணைத்து ஆண்டுதோறும் திருத்தும் ஏற்பாடு, ஓட்டுநர்க்கும் பயணிக்கும் இடையே நாள்தோறும் நிகழும் பூசலையும் தீர்க்கும்.

எத்தனாலும் மின்வாகனமும் பயன் தரலாம். எனினும் கரும்பிற்குப் பாய்ச்சும் நீரையும், மின்வாகனத்தின் முதல் விலையையும் கணக்கில் கொண்டால், அவை பேருந்திற்குத் துணையாகுமேயன்றி அதற்கு ஈடாகா.

ஓட்டுநர் செய்யத்தக்கவை

அரசின் கடமையைப் பேசி நம் கடமையை மறத்தல் கூடாது. மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வரையிலான சீரான வேகம், டயரில் உரிய காற்று, சிக்னலில் நிற்கையில் எஞ்சினை நிறுத்துதல், உரிய காலத்தில் பழுது பார்த்தல் என்பன பெட்ரோலியச் சிக்கன ஆராய்ச்சிக் கழகம் நெடுங்காலமாக வலியுறுத்தி வருபவை. இவற்றிற்குச் செலவில்லை, பழக்கம் ஒன்றே வேண்டும். தெருமுனைக் கடைக்கும் வண்டியை உதைத்துக் கிளம்பும் வழக்கத்தை நாம் கைவிடலாம். ஒரே அலுவலகத்திற்கு ஒரே தெருவிலிருந்து நான்கு வண்டிகள் தனித்தனியே செல்வதைத் தவிர்க்கலாம்.

மாணவர்களுக்கு ஒரு சொல். பதினொன்றாம் வகுப்பில் அரசு விலையின்றி வழங்கும் மிதிவண்டி, கல்லூரியில் சேர்ந்ததும் பல இல்லங்களில் மூலையில் சாய்த்து வைக்கப்படுகிறது. அதனை ஓட்டி வருவது இழிவு என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? மகனின் மோட்டார் சைக்கிளுக்குத் தந்தை எத்தனை மணி நேரம் கூடுதலாக உழைக்கிறார் என்பதை அறிந்த மாணவன், அவ்வண்டியை வீணே சுற்றமாட்டான். பெற்றோரும் பெரியோரும், மதிப்பெண்ணுக்குப் பரிசாக மோட்டார் சைக்கிளை வாக்களிக்கும் வழக்கத்தைச் சற்றே மறுபரிசீலனை செய்தல் நலம்.

பெட்ரோல் விலை நாளையும் ஏறலாம், இறங்கவும் கூடும். அது நம் கையில் இல்லை. இறங்கிய காலத்தில் பேருந்து வாங்கி வைத்த அரசும், ஏறும் முன்பே விரயத்தை விட்டொழித்த குடிமக்களும் உள்ள நாடு அந்த ஏற்றத்தைத் தாங்கும். அத்தகைய அரசைக் கேட்டுப் பெறும் உரிமையும், அத்தகைய குடிமக்களாய் வாழும் கடமையும் நம்முடையவை.