மீண்ட இதழும் வேண்டிய இதழும்

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்துக் கிரீன்சுபரோ நகரினின்று 1983 சூலையில் 'கம்ப்யூட்டு கெசட்டு' என்றொரு திங்களிதழ் தோன்றிற்று. கமோடோர் நிறுவனம் விற்ற வீட்டுக் கணிப்பொறிகளை வைத்திருந்தார்க்கென எழுந்த இதழ் அது. 1990-இல் தனியிதழாக வருவது நின்றது; சில ஆண்டுகள் தாயிதழுக்குள் ஒரு பகுதியாய் ஒடுங்கிக் கிடந்து, பின் அதுவும் போயிற்று. 35 ஆண்டு இடைவெளிக்குப் பின் 2025-இல் அது மீண்டும் வெளிவரத் தொடங்கியுள்ளது.

வெள்ளைக்காரன் தன் பழைய விளையாட்டுப் பொருளைத் தூசு தட்டி எடுத்தால் தமிழனுக்கென்ன என்று கேட்பார் நம்முள்ளும் உளர். அவ்விதழ் செய்த பணியை அறிந்தபின் அவர் கேட்கட்டும்.

அது நிரல்களைப் பற்றிப் பேசியதோடு நில்லாது, நிரல்களையே அச்சிட்டது. படிப்பவன் அவற்றை வரிவரியாகத் தன் விசைப்பலகையில் தானே தட்டி உள்ளிடல் வேண்டும். ஓரெழுத்துப் பிழைத்தாலும் நிரல் கெடும். அதற்கும் வழி கண்டனர். பிழைகாட்டும் சிறு நிரலொன்றை முதலில் உள்ளிட்டுக்கொண்டால், ஒவ்வொரு வரி முடிவிலும் திரையில் ஒரு குறி தோன்றும். இதழில் அவ்வரிக்கென அச்சிட்ட குறியோடு அது ஒத்தால் வரி சரி. 1984 சனவரி இதழில் சார்லசு பிரானன் எழுதிய 'சுபீடுசுகிரிப்டு' என்னும் எழுத்தமைப்பு நிரல் முழுமையும் இவ்வாறே வெளிவந்தது. கடையில் பெரும்பொருள் கொடுத்து வாங்க வேண்டியதைச் சிறுவர்கள் ஓர் இதழின் விலைக்குத் தம் விரலாலேயே ஆக்கிக்கொண்டனர். எளிய நிரல்களைத் தட்டிப் பழகியவர் அவற்றை மாற்றிப் பார்க்கவும் துணிந்தனர்.

அதே 1984-இல் இந்திய நடுவணரசும் பள்ளிகளுக்குக் கணிப்பொறி கொண்டுவந்தது. பொறி பிரித்தானியருடைய பிபிசி மைக்ரோ, கட்டளையோ ஆங்கிலம்!

நாம் வாளா இருந்தோமில்லை. மென்பொருள், வன்பொருள், நிரல் எனச் சொல்லாக்கினோம். 1999-இல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டின் வழி விசைப்பலகை ஒழுங்கும் கண்டோம். தமிழில் கணினி இதழ்களும் வந்தன. ஆயின் அவை பிறர் ஆக்கிய மென்பொருளை இயக்கக் கற்பித்த அளவிற்கு, ஆக்கக் கற்பித்தில. 'கணினி' என்னும் சொல் மக்கள் வாயில் நிலைத்தது. நாள்தோறும் அதனைத் தொடுகின்றனர். 'நிரல்' இன்னும் அகரமுதலியிலேயே அடைபட்டுக் கிடக்கின்றது. கை புழங்காத சொல்லை வாய் புழங்குமா?

இதன் விலையைக் கும்மிடிப்பூண்டித் தொழில் வளாகத்திலும் காக்களூர்த் தொழிற்பேட்டையிலும் காணலாம். தொழிற்பயிற்சி முடித்த நம் இளைஞன் 'சி.என்.சி.' எனப்பெறும் எண்வழிக் கடைசல் பொறியின் முன் நிற்கின்றான். பொறிக்குள் ஓடுவதும் நிரலே. கையேடு ஆங்கிலத்தில் கிடக்க, அவன் பொத்தானை அழுத்துகின்றான். வேறொருவர் வந்து வரியை மாற்றுகின்றார். அழுத்துபவன் கூலி வேறு, மாற்றுபவர் சம்பளம் வேறு. அறிவுக் குறைவால் வந்த வேறுபாடன்று இது. இளமையில் தன் மொழியில் நான்கு வரி எழுதிப் பழக அவனுக்கு எவரும் ஓரிதழ் தரவில்லை.

கருவி இல்லை என்றும் இனிச் சொல்வதற்கில்லை. 'எழில்' என்னும் தமிழ் நிரல்மொழி உள்ளது. 'பதிப்பி' என்றால் திரையில் எழுதும். 'முடி' என்றால் முடிக்கும். ஆங்கிலத்தில் 'இஃப்' முன்னே வரும். எழிலிலோ 'ஆனால்' நம் தொடரமைப்பின்படியே பின்னே வருகின்றது. தமிழ் இலக்கணம் பொறிக்கு ஒத்துவராது என்று நகைத்தவர் இதனை ஒருமுறை தட்டிப் பார்க்கலாம்.

தனியிதழுக்குப் பொருள் வேண்டும். அது வருங்கால் வரட்டும். இப்போதைக்கு நம் இயக்க ஏடுகள் திங்கள்தோறும் இரண்டு பக்கம் ஒதுக்கினால் போதும். முதல் நிரல் பத்து வரியில் அமையட்டும்: வேலை செய்த மணி, மிகைநேரம், பிடித்தம் ஆகியவற்றை உள்ளிட்டால் கூலி இவ்வளவு எனக் காட்டும் நிரல். மிகைநேரத்திற்கு இரட்டைக் கூலி என்பது சட்டம். கும்மிடிப்பூண்டித் தோழன் அதனைத் தன் கையால் தட்டி, வந்த தொகையைத் தன் சம்பளச் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.