பொரிப்பது சுலபம்

செத்துப்போனதாகக் கணக்கு எழுதப்பட்ட ஒரு பிராணி திரும்பி வருவது அபூர்வம். திரும்பி வந்து, மனிதர்களின் சமையலறை அலமாரியில் குஞ்சு பொரிப்பது அதைவிட அபூர்வம். கிரெஸ்டட் கெக்கோ என்ற பல்லி இரண்டையும் செய்திருக்கிறது.

ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே, பசிபிக் கடலில் பிரான்சின் ஆட்சிப் பகுதியாக இருக்கும் நியூ கலிடோனியா அதன் சொந்த ஊர். 1866-ல் அல்ஃபோன்ஸ் கிஷெனோ என்ற பிரெஞ்சு விலங்கியலாளர் அதற்கு விஞ்ஞானப் பெயர் சூட்டினார். கண்ணுக்கு மேலே இமைமயிர் மாதிரி ஒரு முள்வரிசை. அது தலையின் இரு பக்கமும் ஓடி முதுகில் இறங்கும். அந்தக் கொண்டைதான் பெயருக்குக் காரணம். நிஜத்தில் அதற்கு மூடித் திறக்கும் இமையே கிடையாது. கண்ணில் தூசி விழுந்தால் நாக்கால் நக்கித் துடைத்துக்கொள்ளும்.

பெயர் வைத்ததோடு சரி. பிறகு நெடுங்காலம் அது விஞ்ஞானிகளின் கண்ணில் படவில்லை. அழிந்துவிட்டது என்றே நினைத்தார்கள். 1994-ல், ஒரு புயல் ஓய்ந்த பிறகு, ஜெர்மானியரான ராபர்ட் ஸைப் தலைமையில் சென்ற குழு பைன் தீவில் அதை உயிரோடு கண்டது. ஆராய்ச்சிக்காகவும் இனப்பெருக்கத்துக்காகவும் கொஞ்சம் பல்லிகள் வெளிநாடு போயின. இப்போது காட்டிலிருந்து பிடித்து ஏற்றுமதி செய்யத் தடை. ஆனால் தடையை மீறவேண்டிய அவசியமே யாருக்கும் இல்லை. அன்று போன பல்லிகளின் வாரிசுகள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வீட்டுக்கு வீடு பொரிந்துகொண்டிருக்கின்றன. பொரிக்க வைத்தவர்களில் பலர் ஆய்வுக்கூடத்தை எட்டிப் பார்க்காத சாதாரண மனிதர்கள்.

எப்படி முடிந்தது? அவ்வளவு சுலபம் என்பதால்தான்.

நம் வீட்டுப் பல்லியின் முட்டையைப் பார்த்திருப்பீர்கள். சுவரில் மாட்டிய படத்துக்குப் பின்னாலோ ஜன்னல் சந்திலோ வெள்ளை மிட்டாய் போல இரண்டு கிடக்கும். ஓடு கெட்டி. யாரும் கவனிக்காமலே பொரிந்துவிடும். கெக்கோவின் முட்டை வேறு மாதிரி. ஓடு தோல் போல மெத்தென்று இருக்கும். சுற்றியுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு பெருக்கும். அதனால்தான் தாய் அதை ஈர மண்ணில் புதைக்கிறது. ஒரு தடவைக்கு இரண்டு முட்டை. அதோடு அதன் வேலை முடிந்தது. அடைகாப்பதும் கிடையாது, குஞ்சை அடையாளம் தெரிந்துகொள்வதும் கிடையாது.

மீதி வேலை வளர்ப்பவருடையது. முட்டையை எடுத்து, மூடியுள்ள சிறிய பிளாஸ்டிக் டப்பாவில் ஈரமான வெர்மிகுலைட்டிலோ தென்னை நார்த்தூளிலோ பாதி புதைத்து வைக்கவேண்டும். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து செங்கல் செங்கல்லாகக் கப்பலேறும் அதே நார்த்தூள்தான். கையில் பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது. அதுதான் ஈரத்தின் அளவு. ஒரு விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். கோழி முட்டையை அடிக்கடி திருப்பி வைக்கவேண்டும். பல்லி முட்டையைத் திருப்பவே கூடாது. கரு ஓட்டின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டு வளர்வதால், புரட்டினால் இறந்துவிடலாம். எனவே பென்சிலால் மேல் பக்கம் ஒரு புள்ளி வைத்து, கிடந்தபடியே எடுத்து வைக்கிறார்கள். சில நாள் கழித்து இருட்டறையில் டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால் கருவுள்ள முட்டையில் இளஞ்சிவப்பாக ஒரு வளையம் தெரியும். கரு இல்லாதது வெறும் மஞ்சள்.

அடைகாக்கும் இயந்திரம்கூட வேண்டாம். 22 முதல் 26 டிகிரி செல்சியஸ் உள்ள அறை அலமாரி போதும். இரண்டு முதல் நான்கு மாதத்தில் பொரியும். சூடு அதிகமானால் சீக்கிரம் பொரியும், ஆனால் குஞ்சு சிறுத்துப் பிறக்கும். குளிர்ச்சியில் நாளெடுத்து வளர்ந்த குஞ்சுதான் தெம்பாக இருக்கும். அவசரப்படாதவருக்கு நல்ல குஞ்சு.

பிறக்கும்போது அதன் எடை ஒன்றரை, இரண்டு கிராம். வெளியே வந்ததும் தோலை உரித்து, உரித்த தோலைத் தின்றுவிடும். முதல் சில நாள் வேறு எதையும் தொடாது. உடம்பில் மிச்சமுள்ள மஞ்சள்கரு போதும். புதிதாக வளர்ப்பவர்கள் பதறுவது இந்த நாட்களில்தான். குஞ்சு பட்டினி கிடப்பதாக நினைத்து வாயைத் திறந்து ஊட்டப் போய், தாடையைக் கெடுத்துவிடுகிறார்கள்.

அதை விட்டுவிடுவதுதான் வைத்தியம். செருப்புப் பெட்டி அளவில் காற்றோட்டமுள்ள டப்பா, அடியில் சமையலறைக் காகிதம், ஏற ஒரு குச்சி, ஒளிய நாலு இலை. மாலையில் தண்ணீர் தெளிக்கவேண்டும். மறுநாள் அது காயவும் வேண்டும். எப்போதும் நசநசவென்றிருந்தால் பூஞ்சை பிடிக்கும். ஒரேயடியாகக் காய்ந்தால் உரியும் தோல் விரலிலும் வால்நுனியிலும் இறுகிக்கொண்டு, ரத்த ஓட்டம் நின்று, விரலே உதிர்ந்துபோகும். சாப்பாடு சிக்கல் இல்லை. பழமும் புரதமும் கால்சியமும் சேர்ந்த மாவு கடைகளில் கிடைக்கிறது. தண்ணீரில் குழைத்து ஒரு பாட்டில் மூடியில் வைத்தால் இரவில் வந்து நக்கும். இந்த மாவு வருவதற்கு முன் மனிதக் குழந்தைகளுக்கான பழக்கூழைக் கொடுத்தவர்கள் உண்டு. கால்சியம் போதாமல் தாடை ரப்பர் போலத் தொய்ந்து, முதுகெலும்பு வளைந்த பல்லிகள் மூலம்தான் அவர்கள் பாடம் கற்றார்கள்.

ஒரே டப்பாவில் இரண்டு குஞ்சுகளை வைப்பதும் சிக்கல். பெரியது சின்னதைக் கடிக்கும், வால் போகும். நம் வீட்டுப் பல்லிக்கு வால் போனால் முளைக்கும். இதற்கு முளைக்காது, ஆயுளுக்கும் மொட்டைதான். பயந்தாலும் வாலை உதறிவிடும். ஆகவே முதல் சில வாரம் கையில் எடுக்காமல் இருப்பது உத்தமம். வாரம் ஒரு முறை சிறிய தராசில் எடை பார்த்து எழுதி வைத்தால் போதும். எடை ஏறினால் எல்லாம் சரி. தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவவேண்டும். 2015-ல் அமெரிக்காவின் பல மாநிலங்களில் சால்மொனெல்லா கிருமி பரவியபோது, வீட்டில் வளர்த்த இந்தப் பல்லிகளில்தான் தடயம் கிடைத்தது.

இதுவரை சொன்னதில் கஷ்டமானது எதுவும் இல்லை. ஒரு பள்ளி மாணவன் செய்துவிடலாம். செய்கிறார்கள். பிரச்சினை ஆரம்பிப்பதே அங்கேதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பெண் கெக்கோ நாலைந்து வாரத்துக்கு ஒரு முறை இரண்டு முட்டை வைக்கும். வருஷத்தில் எட்டு முறை என்றால் 16. ஆணைப் பிரித்து வைத்தாலும் முட்டை உடனே நிற்காது. பெண் உயிரணுவை உடம்பில் சேமித்து வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் கருவுள்ள முட்டையே இடும். ஒவ்வொரு முட்டைக்கும் தன் கால்சியத்தைக் கொடுக்கிறது. மேலண்ணத்தில் வெள்ளையாகத் தெரியும் இரண்டு பைகளில்தான் அந்தச் சேமிப்பு. ஓய்வு கொடுக்காமல் இட வைத்தால் பை காலியாகும், கை கால் வெட்டி இழுக்கும், தாய் செத்துப்போகும். குஞ்சு குஞ்சாகப் பார்த்து மகிழ்கிறவர் அதன் தாயின் வாய்க்குள்ளும் பார்க்கவேண்டும்.

அடுத்தது, அந்த 16 குஞ்சுகள். ஒவ்வொன்றும் 15 முதல் 20 வருஷம் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனி டப்பா, தனி மூடி, தினம் தண்ணீர். ஆணா பெண்ணா என்று நிச்சயமாகச் சொல்லவே பெரும்பாலும் ஒரு வருஷம் ஆகும். அதுவரை விற்க முடியாமல் வைத்திருப்பவர்கள் உண்டு. அடுத்த வருஷம் இன்னொரு 16. நண்பர்களுக்குக் கொடுக்கலாம். எத்தனை நண்பர்கள்?

பல்லி வளர்ப்பவர்களிடம் இதற்கு ஒரு சமாதானம் தயாராக இருக்கிறது. “அழிந்துபோகவிருந்த இனத்தை நாங்கள் காப்பாற்றுகிறோம்.” கேட்க நன்றாக இருக்கிறது. உண்மை அதற்குப் பக்கத்தில் இல்லை.

வீட்டுக் கெக்கோக்கள் நிறத்துக்காகச் சேர்க்கப்பட்டவை. கரும்புள்ளி போட்டது, சிவந்தது, பட்டை போட்டது என்று ரகத்துக்கு ஒரு விலை. எந்தத் தீவின் எந்தக் காட்டிலிருந்து வந்த பரம்பரை என்பதற்குப் பெரும்பாலானவற்றுக்குக் குறிப்பு இல்லை. அவற்றை அங்கே கொண்டுபோய் விட்டால் புது நோய்களும் கூடவே போகலாம். அவை சொந்தக் காட்டுக்குத் திரும்பும் பயணச்சீட்டு இல்லாதவை.

காட்டில் இருப்பவை அங்கே தனியாகப் போராடுகின்றன. மனிதன் வருவதற்கு முன் நியூ கலிடோனியாவில் தரைவாழ் பாலூட்டி என்று வௌவாலைத் தவிர ஒன்றும் கிடையாது. பிறகு எலி வந்தது, பூனை வந்தது, மான் வந்தது. வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து ஓர் எறும்பும் வந்தது. சின்ன நெருப்பெறும்பு என்று பெயர். ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும். கூட்டமாக ஏறிக் கொட்டும். பல்லி தின்னவேண்டிய பூச்சிகளையும் தின்றுவிடும். உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் இந்தப் பல்லி இன்றும் ‘ஊறுபடத்தக்க’ இனம். ஓர் ஊரில் லட்சம் டப்பாக்களில் முட்டை பொரிந்தாலும் பைன் தீவின் ஒரு மரத்தில் உள்ள எறும்பு குறையப் போவதில்லை.

நமக்கென்ன என்று கேட்கலாம். நமக்கும் உண்டு. வெளிநாட்டு ஊர்வனவற்றை வளர்க்கும் மோகம் நம் நகரங்களுக்கும் வந்தாயிற்று. பாங்காக்கிலிருந்து வந்த பயணிகளின் பெட்டிக்குள் பாம்பும் ஆமையும் ஓணானும் பிடிபட்டதாகச் சென்னை விமான நிலையத்திலிருந்து அடிக்கடி செய்தி வருகிறது. காலுறைக்குள் சுருட்டி அடைத்துக் கொண்டுவரப்படும் பிராணிகளில் சில வழியிலேயே செத்துவிடுகின்றன. 2022-ல் திருத்தப்பட்ட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், சர்வதேச வர்த்தக ஒப்பந்தப் பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிரினங்களை வைத்திருப்பவர்கள் பதிவு செய்யவேண்டும் என்கிறது. அவை குட்டி போட்டால் அதையும் தெரிவிக்கவேண்டும். பட்டியலில் இல்லாத பிராணியையும் அனுமதியில்லாமல் இறக்குமதி செய்ய முடியாது. விற்பவரிடம் காகிதம் கேளுங்கள். முகம் மாறினால் திரும்பி வந்துவிடுங்கள்.

சட்டத்தைவிடக் கண்டிப்பானது நம் வெயில். கெக்கோவுக்கு 28 டிகிரி தாண்டினாலே அவஸ்தை. நீடித்தால் சாவு. டெல்லியிலோ நாக்பூரிலோ மே மாதத்தில் அதற்காக இரவும் பகலும் ஏ.சி. ஓடவேண்டும். ஒரு மத்தியானம் மின்சாரம் போனால் போதும்.

வளர்க்கவே கூடாது என்பது என் வாதம் அல்ல. முறையான வழியில் வந்த பல்லியைப் பொறுமையாக, ஆண்டுக்கணக்கில் பேணுபவர்கள் உலகில் ஏராளம். அவர்களில் அனுபவசாலிகளிடம் ஒரு வழக்கம் உண்டு. அதைப் பற்றி அதிகம் பேசமாட்டார்கள். முட்டையைக் கண்டதும் டப்பாவை எடுக்கமாட்டார்கள். முதலில் ஒரு தாளை எடுப்பார்கள். இந்த வருஷம் எத்தனை குஞ்சுகளுக்கு இடம் இருக்கிறது, வாங்கிக்கொள்ள யார் இருக்கிறார்கள், அவர்கள் எத்தனை வருஷம் வைத்திருப்பார்கள் என்று எழுதுவார்கள். இடம் இல்லையென்றால், கரு வளர ஆரம்பிக்குமுன், இட்ட அன்றே முட்டையை ஃப்ரீஸரில் வைத்துவிடுவார்கள்.

கேட்கக் கொடூரமாகத் தோன்றும். ஆனால் பொரிந்த பிறகு இடமில்லாமல் போன குஞ்சுகளைப் பார்த்தவர்களுக்கு அப்படித் தோன்றாது. முட்டையின் மேல் பென்சிலால் புள்ளி வைக்க ஒரு விநாடி போதும். வைப்பதற்கு முன் இருபது வருஷம் யோசிக்கவேண்டும்.