கயிறு மட்டும் நம்மிடம்

காவிரிப் படுகையின் சேற்று வயலுக்கென்றே பெயர்பெற்றவை உம்பளச்சேரிக் காளைகள். டிராக்டர் வந்தபின் அவை தரகர் கைக்குப் போயின. ‘யாரோ பிடித்துக்கொண்டு போனார்’ என்கிறோம். ‘அடிமாடாக விற்றோம்’ என்று சொல்ல நமக்கு நா எழுவதில்லை. விற்கையில் கயிற்றை மட்டும் தராமல் வைத்துக்கொள்கிறோம். லட்சுமி போய்விடக் கூடாதாம்.

1958ஆம் ஆண்டின் தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டப்படி, 10 வயதைக் கடந்து வேலைக்கும் இனவிருத்திக்கும் உதவாத காளையை வெட்டச் சான்று பெறலாம். மாட்டின் வயதைக் கேட்கும் சட்டம், அதனிடம் வேலை வாங்கியவரின் கடனைக் கேட்பதில்லை.

வைக்கோலுக்கு வழியற்ற குத்தகை விவசாயி விற்பதை நாம் குறை சொல்லோம். வெட்டுபவரைப் பழிப்பதும் நேர்மையன்று. ஆனால், மாதச் சம்பளமும் நிலமும் உள்ள நம்மால் கிழமாட்டுக்குக் கடைசிவரை தீனி போட முடியும். மாட்டுப் பொங்கலன்று மாலையிட்ட அதே கைதானே விலையையும் எண்ணி வாங்குகிறது?