பிசிக்ஸும் பென்சிலும்

நம் சங்கத்துக் குடும்பங்களில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் வீட்டைக் கண்டுபிடிக்க விலாசம் தேவையில்லை. டி.வி. அணைந்திருக்கும். பெரியவர்கள் சைகையில் பேசிக்கொள்வார்கள். மருத்துவ நுழைவுத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை என்றால் இன்னொரு அடையாளமும் உண்டு. "பயாலஜி எப்படிப் போகுது?" என்று கேட்டால் தாயாரே முந்திக்கொண்டு பதில் சொல்வார். "பிசிக்ஸ்?" என்று கேட்டால் காபி எடுத்துவர உள்ளே போய்விடுவார்.

எங்கள் வீடும் இரண்டு ஆண்டுகள் அப்படித்தான் இருந்தது. அதனால்தான் இதை எழுதத் துணிகிறேன். நான் ஆசிரியன் அல்ல. சிவில் டிப்ளமா படித்துவிட்டு ரயில்வேயில் சேர்ந்து, தண்டவாளத்தின் மேல் நடந்தே காலத்தைக் கழித்து, 2018-இல் நாக்பூரில் ஓய்வு பெற்றவன். பொன்மலையில் பிறந்து இங்கே வேர் பிடித்தவன்.

முதலில் ஒரு பழைய கணக்கைத் தீர்த்துவிடுகிறேன். என் மகளும் 2001-இல் மருத்துவ நுழைவுத் தேர்வு எழுதினாள். அப்போது நான் இரவு எட்டு மணிக்கு வீடு திரும்பி, குளித்துச் சாப்பிட்டுவிட்டு அவளுக்குப் பிசிக்ஸ் சொல்லிக் கொடுப்பேன். சொல்லிக் கொடுப்பேன் என்பது தவறு. நான் கணக்குப் போடுவேன், அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பாள். "புரிஞ்சுதா?" என்பேன். "புரிஞ்சுதுப்பா" என்பாள். அடுத்த கணக்கையும் நானே போடுவேன். தேர்வில் அவளுக்குப் பிசிக்ஸ் கைகொடுக்கவில்லை. "இவ்வளவு சொல்லிக் கொடுத்தும் உன் மண்டையில் ஏறலையே" என்று ஒரு வார்த்தை சொன்னேன். அவள் பி.காம். சேர்ந்தாள், இன்று வங்கியில் நல்ல பதவியில் இருக்கிறாள். அந்த வார்த்தையை மட்டும் அவள் மறக்கவில்லை என்பது எனக்கு இருபத்துமூன்று ஆண்டு கழித்துத்தான் தெரிந்தது.

தெரிந்தது இப்படி. என் பேத்தி 2024-இல் நீட் எழுதினாள். பயாலஜியில் குறை சொல்ல முடியாத மதிப்பெண். பிசிக்ஸில் 38 கேள்விக்கு விடையளித்து 18 சரி, 20 தவறு. 72-இல் 20 கழித்து 52. ஒன்றரை லட்சம் வாங்கிக்கொண்ட பயிற்சி நிலையத்தில் மதிப்பெண் பட்டியலைப் பார்த்துவிட்டு, "இந்தப் பெண்ணுக்கு பிசிக்ஸ் வராது, வேறு ஏதாவது பாருங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பேத்தி அழவில்லை. "நான் மக்கு தாத்தா, அவ்வளவுதான்" என்றாள். உடனே என் மகள் சமையலறையிலிருந்து வந்து, "அப்பா, நீங்க எதுவும் சொல்லிடாதீங்க" என்றாள். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

வீட்டில் கோட்டாவுக்கு அனுப்பலாம் என்று பேச்சு எழுந்தது. மாப்பிள்ளை ரயில் டிக்கெட் கூடப் பார்த்துவிட்டார். நான் எதிர்த்தேன். அங்கே படித்து முன்னுக்கு வந்த பிள்ளைகள் ஏராளம், அதை மறுக்கவில்லை. ஆனால் "நான் மக்கு" என்று நம்பத் தொடங்கிவிட்ட பதினெட்டு வயதுப் பெண்ணைத் தனி அறையில் கொண்டுபோய் வைப்பது வேறு விஷயம். 2023-இல் அந்த ஊரிலிருந்து வந்த செய்திகளைப் படித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. "ஒரு வருஷம் என்கிட்ட விடுங்க, ஒரு வார்த்தை கூடத் திட்ட மாட்டேன்" என்று மகளிடம் கேட்டு வாங்கினேன்.

முதல் நாள் அவளை ஒரு கணக்குப் போடச் சொன்னேன். பத்து நிமிடம் கேள்வியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சூத்திரப் புத்தகத்தைப் புரட்டினாள். பென்சில் காகிதத்தில் படவே இல்லை. படம் வரைந்தாயா என்றேன். "வீடியோவில் சார் வரைவார் தாத்தா" என்றாள். இரண்டு ஆண்டுகளாக அவள் நானூறு மணி நேரமாவது பிறர் கணக்குப் போடுவதைப் பார்த்திருக்கிறாள். அன்று என் மகளுக்கு நான் செய்ததை இன்று கைபேசி செய்கிறது. பார்க்கும்போது எல்லாமே புரியும். சைக்கிள் ஓட்டுபவனைப் பார்த்தாலும்தான் புரிகிறது.

என் அபிப்பிராயம் இதுதான்: பிசிக்ஸ் வராத பிள்ளைகள் மிகக் குறைவு. பிசிக்ஸைக் கையால் செய்யாத பிள்ளைகள்தான் அதிகம். பயாலஜியைப் படித்துப் படித்து மனத்தில் ஏற்றலாம். அதே பழக்கத்தோடு பிசிக்ஸுக்கு வந்தால் சூத்திரங்களை மனப்பாடம் செய்வார்கள். தேர்வில் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டால் எந்தச் சூத்திரம் என்று தெரியாது. மருத்துவத்துக்குப் போகும் பிள்ளைகள் பலர் கணிதத்தைப் பத்தாம் வகுப்போடு கைவிட்டவர்கள் என்பதும் சேர்ந்துகொள்கிறது. பின்னத்தைச் சுருக்கவும், பத்தின் அடுக்குகளைக் கூட்டிக் கழிக்கவும் கை தடுமாறுகிறது. தேர்வறையில் கால்குலேட்டர் கிடையாது என்பதை நினைவில் வையுங்கள்.

நான் செய்ததில் பெரிய வித்தை எதுவும் இல்லை. என் வேலையிலிருந்தே எடுத்தேன். ஒரு நாள் அவளை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போய்த் தண்டவாளத்தைக் காட்டி, "வெயிலில் இரும்பு நீளும் என்று படித்திருக்கிறாய். கிலோமீட்டர் கணக்கில் பற்றவைத்த இந்தத் தண்டவாளம் எங்கே நீள்கிறது?" என்றேன். விழித்தாள். நீள விடாமல் ஸ்லீப்பரும் ஜல்லியும் பிடித்துக்கொண்டிருக்கின்றன, அதனால் நீட்சி உள்ளேயே தகைவாக நிற்கிறது என்றேன். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டாள். எஃகின் நீள்விரிவு எண் டிகிரிக்கு 12 × 10-இன் அடுக்கு −6. வெப்பம் 30 டிகிரி ஏறுகிறது. யங் குணகம் 2 × 10-இன் அடுக்கு 11. மூன்றையும் பெருக்கினால் சதுர மீட்டருக்கு 7.2 கோடி நியூட்டன். தண்டவாளத்தின் குறுக்குப் பரப்பு எவ்வளவு என்று கேட்டாள். நான் சொல்லவில்லை. மீட்டருக்கு 60 கிலோ, எஃகின் அடர்த்தி 7850, நீயே கண்டுபிடி என்றேன். ஏறக்குறைய 76 சதுர சென்டிமீட்டர் வந்தது. விசை ஐந்தரை லட்சம் நியூட்டன். அதாவது 55 டன் எடை அழுத்துவது போல.

அவள் கொஞ்ச நேரம் அந்த விடையையே பார்த்தாள். பிறகு, "தாத்தா, இதில் நீளமே வரலையே! ஒரு கிலோமீட்டர் ஆனாலும் மூணு கிலோமீட்டர் ஆனாலும் அதே விசையா?" என்று கேட்டாள். ரயில்வேயில் எத்தனையோ பேருக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறேன், இந்தக் கேள்வியைத் தானாகக் கேட்டவர்கள் சிலர்தான். அன்றிரவு என் மகளைத் தனியே கூப்பிட்டு, "இவ மக்கு இல்லை. நீயும் மக்கு இல்லை. நான்தான் பென்சிலை உன்கிட்ட கொடுக்கலை" என்றேன். அவள் பதில் சொல்லவில்லை. பாத்திரம் கழுவிக்கொண்டே இருந்தாள்.

வளைவில் வெளித் தண்டவாளத்தை உயர்த்தி வைப்போம் அல்லவா? பாடப் புத்தகத்தில் சாய்வான சாலை என்று வருவதும் அதுதான். 875 மீட்டர் ஆர வளைவு, வண்டி விநாடிக்கு 20 மீட்டர் வேகம், இரு தண்டவாள நடுக்கோடுகளுக்கும் இடைவெளி 1.75 மீட்டர் என்று கொடுத்தேன். ஏறத்தாழ 82 மில்லிமீட்டர் உயர்த்த வேண்டும் என்று சொன்னாள். "இதைத்தான் மழையிலும் வெயிலும் அளந்துகிட்டிருந்தீங்களா?" என்றாள். ஆமாம் அம்மா, அதைத்தான்.

எல்லாம் ரயிலில் அடங்காது. ஒளியியலுக்கும் அணுவுக்கும் புத்தகத்தைத்தான் பிடித்தோம். என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தின் தீர்த்துக் காட்டிய கணக்குகளை விடையை மறைத்துவிட்டுப் போட வேண்டும் என்பது விதி. இருபது நிமிடம் வரை திணறலாம், அதற்குமுன் விடையைத் திறக்கக் கூடாது. எனக்கும் சில தெரியவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லி அவளோடு சேர்ந்து திணறினேன். அதில் அவளுக்கு ஒரு தைரியம் வந்தது போலிருந்தது.

ரயில்வேயில் தண்டவாளம் முறிந்தால் பதிவேட்டில் எழுதாமல் விடமாட்டோம். எங்கே, எப்போது, ஏன் என்று எழுதியாக வேண்டும். அதே போல ஒரு நோட்டுப் போட்டாள். தவறான ஒவ்வொரு கணக்குக்கும் காரணம் நாலில் ஒன்று: கருத்து தெரியவில்லை, கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லை, அலகு மாறிவிட்டது, கூட்டல் பெருக்கல் தவறு. முதல் மாத முடிவில் எண்ணிப் பார்த்தோம். பாதிக்கு மேல் கடைசி மூன்றில்தான் இருந்தன! கருத்து தெரியாதவள் என்று அவளைத் தள்ளியவர்கள் இந்த நோட்டைப் பார்த்திருக்க வேண்டும். ஒரு முறை டார்ச் பல்புக்கு 300 ஆம்பியர் என்று எழுதியிருந்தாள். மில்லியை விட்டுவிட்டாள். ஒரு விரைவு வண்டியையே இழுக்கும் மின் எஞ்சின் 25,000 வோல்ட் கம்பியிலிருந்து எடுப்பது இருநூறு, இருநூற்றைம்பது ஆம்பியர் அளவில்தான், உன் டார்ச் அதைவிடப் பெரிதா என்றேன். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அதன் பிறகு விடை வந்ததும் 'இது நடக்குமா?' என்று பார்க்காமல் அவள் குறிப்பதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2024 பாடத்திட்டத்தில் செய்முறைத் திறன்கள் என்று தனி அலகே சேர்த்தார்கள். வெர்னியர், திருகு அளவி எல்லாம் அதில் உண்டு. இவளோ வெர்னியரைக் கையில் தொட்டதே இல்லை. பள்ளியில் செய்முறை நோட்டை ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிக்கொண்டார்களாம். என் பழைய வெர்னியரைப் பரணிலிருந்து இறக்கிக் கொடுத்தேன். ஒரு வாரம் வீட்டில் இருந்த நாணயம், கரண்டி, பாட்டியின் வளையல் எல்லாம் அளவெடுக்கப்பட்டன.

மொழி விஷயம். அவள் படிப்பது ஆங்கிலத்தில், தோழிகளோடு பேசுவது இந்தியில், வீட்டில் தமிழ். நான் தமிழில்தான் விளக்கினேன். ஆங்கிலத்தில் 'வொர்க்' என்றால் சூத்திரம் ஒப்பிப்பாள். தமிழில், "தண்டவாளத் துண்டைத் தோளில் சுமந்து சமதரையில் நூறு அடி நடந்த கேங்மேன், புவியீர்ப்புக்கு எதிராக எவ்வளவு வேலை செய்தான்?" என்று கேட்டேன். "ஒண்ணுமே இல்லையா? பாவம் தாத்தா அவர்" என்றாள். (இதை என் கேங்மேன்களிடம் சொல்லியிருந்தால் என்னை ஜல்லியால் அடித்திருப்பார்கள்.) பாவம் என்று தோன்றிய பிறகு அந்தக் கருத்து மறக்குமா? தேர்வை எந்த மொழியில் எழுதினாலும் யோசிப்பது வீட்டு மொழியில் இருக்கட்டும். பிள்ளைக்குத் தமிழ் குழப்பும் என்று சொல்லும் பெற்றோர் நம்மிடையே உண்டு. நான் கண்டது நேர்மாறு.

2025-இல் தேர்வின் அமைப்பு மாறியது. முந்தின ஆண்டு வரை இருந்த சாய்ஸும் போயிற்று, கூடுதல் இருபது நிமிடமும் போயிற்று. 180 கேள்வி, 180 நிமிடம், அதில் பிசிக்ஸ் 45. பயாலஜியின் 90 கேள்விகளை ஐம்பது நிமிடத்துக்குள் முடித்துவிட்டு, மிச்ச நேரத்தின் பெரும்பகுதியைப் பிசிக்ஸுக்கு வைத்துக்கொள் என்று பழக்கியிருந்தேன். அந்த ஆண்டு மே 4-ஆம் தேதி பிசிக்ஸ் தாள் எல்லோரையும் படுத்தியது. வெளியே வந்த பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து எனக்கே வயிறு கலங்கியது. இவள் வந்து, "பத்துக் கேள்வியை விட்டுட்டேன் தாத்தா, தெரியாததைத் தொடலை" என்றாள். 35-இல் 26 சரி, 9 தவறு. 95. போன முறையைவிடக் குறைவாகத் தொட்டு, கிட்டத்தட்ட இரு மடங்கு வாங்கினாள்.

எம்.பி.பி.எஸ். கிடைத்ததா என்று கேட்பீர்கள். இல்லை. பல் மருத்துவம் கிடைத்தது, சேர்ந்திருக்கிறாள். உறவினர்கள் சிலர் துக்கம் விசாரிப்பது போல விசாரித்தார்கள். அவளுக்கு அதில் வருத்தம் இருந்தது, ஒரு வாரம். இப்போது பல்லில் எந்தக் கோணத்தில் விசை விழுகிறது என்று எனக்குப் படம் வரைந்து காட்டுகிறாள். என் பல்லைத்தான் மாதிரிக்கு வைத்துக்கொள்கிறாள்.

கோச்சிங்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வசதி உள்ளவர்கள் அனுப்பட்டும். ஆனால் வகுப்பில் கேட்ட ஒரு மணிக்கு, வீட்டில் தானே போடும் இரண்டு மணி நேரம் இருக்கிறதா என்று பெற்றோர் பார்க்க வேண்டும். பிசிக்ஸ் தெரியாத தாயாரும் இதைப் பார்க்கலாம். ரஃப் நோட்டு தீர்ந்துபோகிறதா, பென்சில் குட்டையாகிறதா என்று பார்த்தால் போதும்.

நம் சங்கத்தில் என்னைப் போல ரயில்வேயிலும், மின் வாரியத்திலும், தொலைபேசித் துறையிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் பத்துப் பேராவது இருக்கிறோம். மாலையில் கூடி அரசியல் பேசுகிறோம். ஞாயிறு காலை பத்து முதல் பன்னிரண்டு வரை சங்கத்தின் சின்ன அறை காலியாகவே கிடக்கிறது. அதைக் கொடுங்கள் என்று செயலாளரிடம் கேட்டிருக்கிறேன். பொங்கல் விழா வேலைகள் முடியட்டும் என்கிறார். கட்டணம் கிடையாது. கரும்பலகையும் வேண்டாம், அது இருந்தால் நாங்களே போட்டுக் காட்டத் தொடங்கிவிடுவோம். பிள்ளைகள் ஆளுக்கொரு ரஃப் நோட்டும் பென்சிலும் கொண்டு வரட்டும். வெர்னியர் என்னிடம் இருக்கிறது.