பிழைத்திருத்தம் இல்லாத புத்தகம் எதற்கு?

பதினோராம் வகுப்பில் கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு ஒரு பாடம் மறக்கவே மறக்காது. பிழைகளைத் திருத்துதல்! இருப்பாய்வு சமன் ஆகவில்லையா, வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் போடு, பிறகு ஒவ்வொரு பிழையாகத் தேடிப் பிடி. மாணவன் தப்பு செய்வான் என்று தெரிந்தே எழுதிய பாடம் அது. இந்தக் கரிசனம் கம்ப்யூட்டர் புத்தகம் எழுதுபவர்களுக்கு மட்டும் ஏன் வருவதில்லை?

லினக்ஸ் கற்றுத்தரும் ஆரம்பநிலைப் புத்தகங்களைப் புரட்டிப் பாருங்கள். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் ஹெல்சின்கியில் மாணவராக இருந்தபோது எழுத ஆரம்பித்த கதை, பெங்குவின் சின்னம் வந்த கதை, விண்டோஸைத் திட்ட நாலு பக்கம்... அப்புறம் படம் படமாக நிறுவும் முறை. கடைசியில் கட்டளைப் பட்டியல். பட்டியல் நீளமாக இருந்தால் "சூப்பர் புக்கு மச்சி, எல்லாமே இருக்கு" என்று பாராட்டு வேறு. ஆமாம், எல்லாமே இருக்கிறது. தப்பாகிப்போனால் என்ன செய்வது என்பதைத் தவிர!

உதாரணத்துக்கு உபுண்டு 24.04. டெர்மினலில் சூடோ கட்டளை கொடுத்தால் கடவுச்சொல் கேட்கும். தட்டினால் திரையில் ஒரு நட்சத்திரக் குறிகூட வராது. பாதுகாப்புக்காகச் செய்த ஏற்பாடு அது. எழுத்துகள் உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கும். பழகியவருக்கு இது ஒரு விஷயமே இல்லை. புதிதாக வந்தவரோ கீபோர்டு கெட்டுவிட்டது என்று நினைத்துப் பதறுவார். இதற்கு ஒரே ஒரு வரி எழுதினால் போதுமே?

ஆர்எம் கட்டளை இதைவிட ஆபத்து. அதைக் கொண்டு அழித்த கோப்பு குப்பைத்தொட்டிக்குப் போகாது, போனது போனதுதான். நிறுவும்போது வரும் 'வட்டு முழுவதையும் அழித்து நிறுவு' என்ற தேர்வும் அப்படித்தான். முதலில் கோப்புகளை வேறு இடத்தில் நகல் எடுத்து வையுங்கள் என்று சொல்லாமல், 'அடுத்து என்பதை அழுத்தவும்' என்று மட்டும் எழுதினால், அக்கா கல்யாண போட்டோ மொத்தமும் போனதற்கு யார் பொறுப்பு?

"ஆரம்பத்திலேயே பயமுறுத்தக் கூடாது" என்பது ஒரு சமாதானம். கிணற்றில் நீச்சல் பழக்குகிற மாமா ஆழத்தைச் சொல்லித்தான் இறக்குவார். சொன்னதால் யாரும் பயந்து ஓடிவிடவில்லை.

"கூகுள் இருக்கிறதே, சாட்ஜிபிடி இருக்கிறதே" என்பது இன்னொரு சமாதானம். சரி, என்னவென்று கேட்பது? பிழைச்செய்தியில் எந்த வரி முக்கியம் என்று தெரிந்தவருக்குத்தான் கேள்வியே வரும். வந்த பதிலில் இருக்கிற கட்டளை என்ன செய்யும் என்று பார்க்கவும் தெரியவேண்டும். 'மேன்' என்று தட்டிப் பக்கத்தில் கட்டளையின் பெயரைக் கொடுத்தால் விளக்கம் வரும். இந்த இரண்டையும் பழக்குவதுதான் புத்தகத்தின் வேலை. அறுபது கட்டளை மனப்பாடம் அல்ல.

அடுத்தது அட்டை. உபுண்டு வழக்கமாக ஏப்ரலிலும் அக்டோபரிலும் புதிய பதிப்பு வெளியிடும். 24.04 என்றால் 2024 ஏப்ரல். 2011-ல் யூனிட்டி முகப்புக்கு மாறி, 2017-ல் மறுபடி க்னோமுக்கே திரும்பியது. எந்தப் பதிப்புக்கு எழுதியது என்றே சொல்லாமல் யூனிட்டி காலத்துப் படங்களோடு விற்கும் புத்தகம், காலாவதி தேதி கிழிந்துபோன மாத்திரை அட்டை மாதிரி.

இதில் நஷ்டம் முந்நூறு ரூபாய் மட்டும் என்றால் போகட்டும் என்று விட்டுவிடலாம். வீட்டில் கம்ப்யூட்டர் தெரிந்தவர் யாரும் இல்லாத, பள்ளி முழுக்கத் தமிழில் படித்த ஒரு மாணவிக்கு அந்தப் புத்தகம்தான் வாத்தியார். அதில் சொன்னபடியே செய்தும் வரவில்லை என்றால் அவள் புத்தகத்தைச் சந்தேகப்பட மாட்டாள். "நமக்கு இதெல்லாம் வராது" என்று மூடி வைத்துவிடுவாள். எழுதியவர் செய்த பிழை, அவள் கணக்கில் பற்று!

ஆகவே மக்களே, அடுத்த முறை வாங்கும்முன் பக்கங்களை எண்ணாதீர்கள். பதிப்பு எண் இருக்கிறதா, நகல் எடுக்கச் சொல்கிறதா, பிழைச்செய்தியைப் படிக்கக் கற்றுத்தருகிறதா என்று பாருங்கள். மூன்றும் இல்லையா? இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள்.