ஆஜராகாத குற்றம்



அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் போல்க் கவுண்டி என்றொரு பகுதி. 1996-இல் அங்கே ஒரு வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட ஜார்ஜ் லேன் என்பவர் கோர்ட்டுக்கு வந்தார். சக்கர நாற்காலியில் வந்தவர். விசாரணை நடப்பதோ மாடியில், லிஃப்ட் கிடையாது. அன்றைக்குப் படிகளில் தவழ்ந்தே மேலே போய்ச் சேர்ந்தார். அடுத்த வாய்தாவுக்கு வந்தபோது, “இனித் தவழமாட்டேன், போலீஸ்காரர்கள் தூக்கிப் போகவும் சம்மதிக்கமாட்டேன்” என்று மறுத்துவிட்டார். நீதிமன்றத்தில் ஆஜராகவில்லை என்று கைது செய்து சிறையில் அடைத்தார்கள்.

மனிதர் கட்டடத்துக்குள்தான் இருந்தார். வழக்கும் அதே கட்டடத்தில்தான் இருந்தது. நடுவில் இருந்தவை படிகள். ஆனால் வராத குற்றம் படிகளின் பேரில் எழுதப்படவில்லை.

‘குற்றம் சாட்டப்பட்டவர்தானே’ என்று யாராவது நினைக்கலாம். குற்றம் சாட்டப்பட்டவருக்குத்தானே ஐயா கோர்ட் எல்லோரையும்விட அவசரமாகத் தேவைப்படுகிறது?

பெவர்லி ஜோன்ஸ் என்ற பெண்ணும் சக்கர நாற்காலியில் இயங்குபவர். நீதிமன்ற நடவடிக்கைகளைச் சுருக்கெழுத்தில் பதிவு செய்வது அவர் தொழில். பல கவுண்டிகளின் நீதிமன்றங்களுக்குள் நுழைய முடியாததால் வேலை வாய்ப்புகளை இழந்தார். லேனும் அவரும் 1998-இல் மாநிலத்தின் மேலேயே வழக்குப் போட்டார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான அமெரிக்கச் சட்டம் 1990-லேயே வந்திருந்தது. ஆனாலும் மாநில அரசு, எங்களிடம் நஷ்டஈடு கேட்டு இப்படி வழக்குப் போடவே முடியாது என்று உச்ச நீதிமன்றம் வரை போய் வாதாடியது. 2004 மே மாதம் லேன் பக்கம் தீர்ப்பு வந்தது. ஐந்து நீதிபதிகள் அவர் பக்கம், நான்கு பேர் எதிர்ப்பக்கம். ஒரே ஒரு ஓட்டில் தப்பிய நியாயம்!

நம் ஊருக்கு வருவோம். 1892-இல் திறந்த சென்னை உயர் நீதிமன்றக் கட்டடத்தைக் கட்டியவர்களிடம் போய்ச் சாய்தளம் எங்கே என்று கேட்க முடியாது. வாடகைக் கட்டடத்தின் மாடியில் நடக்கும் கோர்ட்டுகளுக்கு அந்தச் சலுகை கிடையாது. சாய்தளம் இருக்கிற இடங்களிலும் அது ஒரு கண்துடைப்பாக இருப்பதுண்டு. ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது கணக்கு. நாலு படிக்கு மேல் நாலடி சிமென்டைச் சரித்துப் பூசினால் அதில் பைக்கை ஏற்றலாம், சக்கர நாற்காலியை ஏற்ற முடியாது.

ஆனால் படியைப் பற்றி மட்டுமே பேசினால் பாதிப் பேரை மறந்துவிடுவோம். காது கேளாதவரை நினைத்துப் பாருங்கள். டவாலி வாசலில் நின்று பெயரைக் கூப்பிடுகிறார், மூன்று முறை. காலை ஒன்பதரைக்கே வந்து வேப்பமர நிழலில் உட்கார்ந்திருப்பவருக்கு அது கேட்காது. குடும்ப நீதிமன்றம் போலக் கட்சிக்காரர்களே நேரில் வரவேண்டிய இடத்தில், கூப்பிட்டபோது எழுந்து வராதவர் வராதவர்தான். வழக்கு ஒருதலைப்பட்சமாக முடியலாம். அப்படித் தீர்ப்பான சிவில் வழக்கைத் திறக்க முப்பது நாளுக்குள் மனுப் போடவேண்டும். அதை விசாரிக்கிற நாளிலும் டவாலி கூப்பிடத்தான் செய்வார். வரிசை எண் ஓடுகிற ஒரு திரையை வாசலில் மாட்டினால் போதும். வங்கியில், ஆஸ்பத்திரியில் எல்லாம் ஓடுகிறதே.

பார்வையற்ற வழக்கறிஞர்களின் சங்கடம் வேறு வகை. கணினி படித்துச் சொல்லும், அவர்கள் கேட்டுக்கொள்வார்கள். ஆனால் முத்திரை குத்தி, பேனாவால் திருத்தி, கோணலாக ஸ்கேன் செய்த ஆவணம் கணினிக்கு வெறும் படம். அதில் எழுத்தே இல்லை. நூறு பக்கக் கேஸ் கட்டை இன்னொருவர் வாசித்துக் காட்டினால்தான் மறுநாள் வாதாட முடியும்.

சட்டத்தில் இதற்கெல்லாம் இடம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் பிரிவு 12 நீதிமன்றத்தைப் பற்றியே பேசுகிறது. ஆவணங்கள் அவர்கள் படிக்கக்கூடிய வடிவில் இருக்கவேண்டும். சாட்சியத்தை அவர்கள் விரும்பும் மொழியிலும் முறையிலும் பதிவு செய்ய வசதி வேண்டும் என்கிறது. கட்டடங்கள் பற்றி 2005-இல் ராஜீவ் ரதூரி என்பவர் தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 2017-இல் தீர்ப்புச் சொன்னது. 2024 நவம்பரில் அதே வழக்கில் இன்னொரு தீர்ப்பு: 2016 சட்டத்தின் கீழ் வகுத்த விதி 15 வெறும் பரிந்துரைகளாக இருப்பது சட்டத்துக்கே முரண், கட்டாயத் தரங்களை மூன்று மாதத்தில் வகுக்கவேண்டும் என்றது. வழக்குத் தொடுத்து 19 வருடம் ஆகியிருந்தது.

டெல்லியில் சில நல்ல காரியங்களும் நடந்தன. 2023-இல் காது கேளாத வழக்கறிஞர் சாரா சன்னி உச்ச நீதிமன்றத்தில் சைகை மொழிபெயர்ப்பாளர் துணையோடு ஆஜரானார். அதற்கு முந்தைய ஆண்டு, தன் வளாகத்தையே சோதித்துப் பார்க்க நீதிபதி ரவீந்திர பட் தலைமையில் அந்த நீதிமன்றம் ஒரு குழு அமைத்திருந்தது. 2025 மார்ச்சில், பார்வையற்றவர்களை நீதிபதிப் பணியிலிருந்து ஒதுக்கக் கூடாது என்று தீர்ப்பு வந்தது. தென்னாப்பிரிக்காவில் குழந்தைப் பருவத்திலேயே பார்வை இழந்த, டர்பனில் பிறந்த ஸாக் யாகூப், 1998 முதல் 2013 வரை அரசமைப்பு நீதிமன்ற நீதிபதியாகவே இருந்தவர். நமக்குக் கொஞ்சம் தாமதம்தான்.

நீதிபதியே படியிறங்கி வந்து முதியவரிடம் விசாரித்தார் என்று அவ்வப்போது படத்தோடு செய்தி வருகிறது. நெகிழ்ச்சியான செய்திதான், நானும் வெட்டி வைத்ததுண்டு. ஆனால் அந்தப் பெரிய மனசு மாற்றலாகி வேறு ஊருக்குப் போனபின் அந்த முதியவர் என்ன செய்வார் என்ற கேள்வி விடமாட்டேன் என்கிறது. லேன் தன்னைத் தூக்கிப் போகவேண்டாம் என்றதும் இதனால்தான் இருக்கும் என்று எனக்குப் படுகிறது.

வழக்கில் சிக்கியிருக்கும் வாசகர்களுக்காக மூன்று செய்திகள். மாற்றுத்திறனாளி என்றால் வருமான வரம்பு இல்லாமலே இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் அல்லது மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் கேட்கலாம். பேச முடியாத சாட்சி எழுத்திலோ சைகையிலோ சாட்சியம் சொல்லலாம், அதுவும் வாய்மொழிச் சாட்சியமாகவே கொள்ளப்படும். உடல் தளர்ச்சியால் வரவே முடியாதவரிடம் வழக்கறிஞர் ஆணையர் வீட்டுக்கே வந்து சாட்சியம் பதிவு செய்ய சிவில் வழக்கில் மனுப் போடலாம். எதுவானாலும் வாய்தா தேதிக்கு முன்பே வக்கீலிடம் சொல்லி எழுத்தில் கேளுங்கள்.

நீங்கள் எங்களுக்கு ஒரு உதவி செய்யவேண்டும். உங்கள் ஊர் கோர்ட்டுக்குப் போக நேர்ந்தால் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். சாய்தளம் எங்கே முடிகிறது, லிஃப்ட் ஓடுகிறதா, கழிப்பறைக் கதவில் சக்கர நாற்காலி நுழையுமா, பெயர் கூப்பிடுவது தவிர வேறு அறிவிப்பு உண்டா என்று பார்த்து, ஊர்ப் பெயரோடு ஒரு அஞ்சலட்டையில் எழுதி அனுப்புங்கள். நன்றாக இருந்தால் அதையும் எழுதுங்கள். வந்தவற்றை ஊர்வாரியாகப் போடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்