கூரைக் கண்ணாடியை வெட்டி ஒட்ட முடியாது

பர்கூர் நெடுஞ்சாலையில் விரையும் வேகக் காரின் சன்ரூஃப் உடைந்தால் உடனே ஒரு தீர்ப்பு வருகிறது: கிரானைட் லாரிக் கல் தெறித்திருக்கும், உள்ளூர்க் கடையில் ஒரு கண்ணாடியை வெட்டி ஒட்டினால் போதும், கம்பெனி விலை வீண். இதில் எதுவும் நிற்காது. ஒன்று, கல் பல காரணங்களில் ஒன்றுதான். விளிம்பில் பட்ட பழைய கீறலோ, கண்ணாடிக்குள் சிக்கிய நிக்கல் சல்ஃபைடு துகளோகூட, நிறுத்திவைத்த காரிலேயே அதை நொறுக்கும். இரண்டு, சன்ரூஃப்களில் பெரும்பாலும் இருப்பது டெம்பர்டு கண்ணாடி. வெட்டி, 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி வளைத்து, சட்டென்று குளிர்வித்த பிறகு அதை யாராலும் வெட்ட முடியாது. அப்படியானால் கடைக்காரர் வெட்டித் தருவது என்ன? சாதாரணக் கண்ணாடி. அது உடைந்தால் கத்தி போன்ற துண்டுகள் தலைமேல் விழும்.

மூன்றாவதுதான் முக்கியம். கூரைக்கு மேல் ஓடும் காற்று கண்ணாடியை வெளியே இழுக்கிறது. மணிக்கு 120 கி.மீ. வேகத்தில் காற்றின் இயக்க அழுத்தம் சுமார் 670 பாஸ்கல். அதில் பாதி உறிஞ்சினாலே அரைச் சதுர மீட்டர் கண்ணாடியில் 17 கிலோ எடைக்குச் சமமான இழுவை. வேகம் இரட்டித்தால் இழுவை நான்கு மடங்கு. வேகத்துக்காகவே வாங்கிய காரில் இதைப் பசை தாங்குமா? கம்பெனிக் கண்ணாடிக்குச் செலவு அதிகம் என்பார்கள். ஆனால் முழுக் காப்பீட்டில் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். கண்ணாடிக்குத் தேய்மானமே இல்லை. இழப்பீடு கோராததற்கான போனஸ் சலுகை பறிபோகலாம். உடைந்ததும் படம் எடுத்துக் காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லுங்கள். சன்ரூஃப் நகரும் தடத்திலும் நீர் வடிகுழாயிலும் உள்ள கண்ணாடித் தூளை அகற்றாமல் புதுக் கண்ணாடியைப் பொருத்த விடாதீர்கள்.